பழைய காருக்கு வீட்லயே வேலை பாக்கறவங்களுக்கு: எஞ்சினுக்கு முன்னாடி ரப்பரையும் வயரையும் பாருங்க

பத்து பதினஞ்சு வருஷம் ஓடின காரு வச்சிருக்கவங்க எல்லாரும் கேக்கற மொத கேள்வி, எஞ்சின் இன்னும் எத்தன நாள் தாங்கும்ங்கறதுதான். நடுரோட்டுல நின்னுபோன பழைய காருங்கள பிரிச்சு பாத்தா எஞ்சின் தானா செத்துப்போனது ரொம்ப கம்மி. ஒரு ஹோஸ் வெடிச்சு கூலன்ட் கொட்டி, அது தெரியாம இன்னும் கொஞ்சதூரம் ஓட்டி, எஞ்சினோட மேல் பாகமான ஹெட் வளைஞ்சு, அதுக்கப்புறம்தான் எஞ்சின் போயிருக்கும். இல்ல பேட்டரி நெகட்டிவ்வ பாடியோடயும் எஞ்சினோடயும் சேர்க்கற ஒரு எர்த் வயர் துருப்பிடிச்சு செல்ஃப் எடுக்காம, பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டார் புதுசு, ஆல்டர்னேட்டர் புதுசுன்னு வரிசையா மாத்தி கடைசில அந்த வயர்லதான் வந்து நின்னிருக்கும்.

காருக்கு வயசாகறதுன்னா மொதல்ல ரப்பருக்கு வயசாகுது, அடுத்து உள்ள இருக்கற திரவங்களுக்கு, அப்புறம் மின் இணைப்புங்களுக்கு. இந்த மூணும் கிலோமீட்டர் கணக்கு பாக்காது, வருஷ கணக்குல சும்மா நிக்கும்போதே கெட்டுப்போகும், அதனால "என் காரு ரொம்ப கம்மியா ஓடினதுங்க"ன்னு சொல்றத நம்பி எதையும் தள்ளிப்போடாதீங்க. நல்ல விஷயம் என்னன்னா இந்த மூணையுமே வீட்டு வாசல்ல வச்சு நம்ம கையாலயே பாத்துக்கலாம்.

கைய வைக்கறதுக்கு முன்னாடி

உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல தேடி எடுத்து வச்சுக்குங்க, எந்த போல்ட்டு எவ்வளவு டைட், எந்த கூலன்ட், எந்த ஆயில்னு அதுல இருக்கறதுதான் கடைசி வார்த்தை, நான் இங்க சொல்ற நம்பர் எல்லாம் பொதுவா எல்லா காருக்கும் ஒத்துவர்ற கணக்கு. டூல்ஸ்ல ஒரு நல்ல சாக்கெட் செட், போல்ட்ட அளவா இறுக்கற டார்க் ரெஞ்ச், சாதாரண மல்டிமீட்டர், கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் போதும். மல்டிமீட்டர்தான் இதுல ரொம்ப முக்கியம்னு நான் சொல்வேன், ஸ்பேனர விட அதிகமா பணத்த மிச்சம் பண்றது அதுதான்.

கீழ போய் வேலை பாக்கணும்னா ஜாக்கிய மட்டும் நம்பி போகவே கூடாது, ஒரு நிமிஷ வேலைன்னாலும் கூடாது. சமதரையில நிறுத்தி, தரையில இருக்கற சக்கரத்துக்கு கட்டை போட்டு, ஸ்டாண்டு மேல எறக்கி, கைய வச்சு நல்லா ஆட்டி பாத்துட்டு அப்புறம்தான் தலைய உள்ள விடணும். செங்கல், ஹாலோ பிளாக் இதையெல்லாம் ஸ்டாண்டுக்கு பதிலா வைக்காதீங்க, அது விரிசல் விடாம ஒரேயடியா நொறுங்கற சாமான்.

செல்ஃப் மெதுவா சுத்துதா, லைட்டு மங்குதா

காரு ஆஃப் பண்ணி ராத்திரி முழுக்க நின்னதுக்கப்புறம் பேட்டரிய அளந்து பாருங்க. 12.6 வோல்ட்டு இருந்தா ஃபுல், 12.4 ன்னா முக்கால்வாசி, 12.2 ன்னா பாதி, 12.0 கிட்ட வந்துட்டா கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது அதே எடத்துல 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் காட்டணும், காட்டினா ஆல்டர்னேட்டர் வேலைய செய்யுதுன்னு அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ விழுந்தா, அதுவும் நல்லா சார்ஜ் ஏத்தினதுக்கப்புறமும் விழுந்தா, பேட்டரி மேல சந்தேகப்படலாம்.

ஆனா பேட்டரி 12.6 காட்டுது, செல்ஃப் மட்டும் நோஞ்சானா சுத்துதுன்னா, பேட்டரிய மாத்தாம இத செய்யுங்க. மீட்டர டிசி வோல்ட்டுல வச்சு கருப்பு முனைய பேட்டரியோட நெகட்டிவ் தண்டுல வைங்க, கிளாம்ப் மேல இல்ல, நடுவுல இருக்கற அந்த ஈயத் தண்டு மேலயே. சிவப்பு முனைய எஞ்சின்ல பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்துல அழுத்தி புடிங்க. கியர் நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருத்தர உள்ள உக்கார வச்சு சாவிய திருப்ப சொல்லுங்க, உங்க கையும் மீட்டர் வயரும் பெல்ட்டு, ஃபேன் பக்கம் போகாம இருக்கணும். செல்ஃப் சுத்தற அந்த ரெண்டு மூணு செகண்டுல மீட்டர் 0.2க்குள்ள இருந்தா எர்த் பாதை சுத்தம். அரை வோல்ட்டுக்கு மேல ஏறுச்சுன்னா, செல்ஃபுக்கு போக வேண்டிய வோல்ட்ட ஒரு துருப்பிடிச்ச இணைப்பு நடுவுல நின்னு தின்னுக்கிட்டு இருக்கு. சிவப்பு முனைய எஞ்சின்லேர்ந்து பாடிக்கு மாத்தி ஹெட்லைட்ட போட்டு பாத்தீங்கன்னா பாடி எர்த்து எப்படின்னும் தெரிஞ்சுரும். இதே மாதிரி பாசிட்டிவ் தண்டுலேர்ந்து செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டு வரைக்கும் அளங்க, அங்கயும் அரை வோல்ட்டுதான் எல்லை.

எர்த் வயர்ல குத்தம்னு தெரிஞ்சா மாத்தறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணி பாருங்க. பேட்டரி கேபிள் கழட்டும்போது நெகட்டிவ் மொதல்ல, திருப்பி மாட்டும்போது நெகட்டிவ் கடைசில, இத மாத்தி செஞ்சு பாசிட்டிவ்ல இருக்கற ஸ்பேனர் பாடில பட்டுச்சுன்னா அங்கயே வெல்டிங்தான். டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சமையல் சோடாவ தண்ணில கரைச்சு ஊத்தி பழைய பிரஷால தேய்ங்க, செல்லுக்குள்ள போகாம பாத்துக்குங்க. எர்த் வயர் பாடில மாட்டற எடத்துல போல்ட்ட கழட்டி, வளையத்தோட ரெண்டு பக்கமும், பாடி உலோகமும் பளபளன்னு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, இறுக்கி மாட்டினதுக்கப்புறம் மேல வாசலின் தடவுங்க. மேலாக்க பாத்தா நல்லாத்தான் இருக்கும், கழட்டி பாத்தா வளையத்துக்கு அடியில பழுப்பு பொடியா கொட்டும். இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குது, பிரேக் அழுத்தினா டேஷ்போர்டு லைட்டு மங்குதுன்னு பேய் பிடிச்ச மாதிரி நடக்கற முக்கால்வாசி விஷயம் இதோட போயிரும்.

ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி எறங்கிடுதுன்னா அது வேற சோதனை. மீட்டர் வயர 10 ஆம்ப் ஓட்டையில மாத்தி, நெகட்டிவ் கேபிளுக்கும் தண்டுக்கும் நடுவுல மீட்டர வரிசையா போட்டு, கதவ பூட்டிட்டு ஒரு அரைமணி நேரம் சும்மா விடுங்க, காருக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ் தூங்க டைம் எடுக்கும். அப்புறம் 50 மில்லி ஆம்புக்குள்ள இருந்தா சரி. அதிகமா இருந்தா ஃபியூஸ ஒண்ணொண்ணா புடுங்குங்க, எத புடுங்கும்போது நம்பர் விழுதோ அந்த லைன்லதான் திருடன் இருக்கான். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிச்சுராதீங்க, மீட்டர் புகைஞ்சுரும்.

கூலன்ட்: இதுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்க

பழைய கார காப்பாத்த ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும்னா நான் இதத்தான் செய்வேன்.

எஞ்சின் ஆறி இருக்கும்போது மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அமுக்கி பாருங்க, முக்கியமா கிளாம்ப் கிட்ட. விரலுக்கு எதிர்ப்பு குடுத்து திரும்பி வரணும். கொழகொழன்னு இருந்தா ஆயில் பட்டு ஊறியிருக்கு, கல்லு மாதிரி இருந்தா சூட்டுல இறுகிருச்சு, அமுக்கும்போது உள்ள நறநறன்னு ஒடையற மாதிரி தெரிஞ்சா உள் அடுக்கு விட்டுப்போச்சு, இந்த மூணுல எதுவா இருந்தாலும் ஹோஸ மாத்துங்க. ஒண்ணு போச்சுன்னா அதே வயசு ஹோஸ் எல்லாம் பின்னாலயே வரிசைல நிக்குது, அதனால செட்டாவே மாத்தறது நல்லது. கிளாம்ப் ஓரத்துல வெள்ளையா பச்சையா காஞ்ச கரை இருந்தா அங்க மெதுவா கசிஞ்சு, சூட்டுலயே காஞ்சு, தரைக்கு ஒரு சொட்டு கூட வராமயே கூலன்ட் குறைஞ்சுக்கிட்டு இருக்கு.

கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் சீக்கிரம் கெடாது, அதோட சேர்ந்திருக்கற துருத்தடுப்பு மருந்துதான் வருஷப்போக்குல தீர்ந்துபோகும், அப்புறம் பாக்க நல்ல கலரா இருந்தாலும் உள்ள ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அரிக்க ஆரம்பிச்சுரும். கலர பாத்து கூலன்ட் வாங்காதீங்க, பச்சை ஆரஞ்சுங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், மேனுவல்ல போட்டிருக்கற வகைதான் கணக்கு. குழாய் தண்ணி வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்கு பாதி கலக்கறது பொதுவான அளவு.

மாத்தற முறை இப்படி. எஞ்சின் முழுசா ஆறினதுக்கப்புறம் மூடிய திறங்க, சூடா இருக்கும்போது திறந்தா கொதிக்கற தண்ணி மூஞ்சில அடிக்கும், உள்ள ஒரு பார் அழுத்தம் இருந்தா தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கும், மூடி திறந்த அந்த நொடியே மொத்தமா கொதிச்சு வெளிய பாயும். ரேடியேட்டர் அடி மூலைல ட்ரெய்ன் பிளக் இருக்கும், பழைய காருல அது பிளாஸ்டிக்கா இருந்தா திருகும்போதே ஒடையும், அதுக்கு பதிலா கீழ் ஹோஸ கழட்டி வடிக்கறது பாதுகாப்பு. ஹீட்டர் சூடு பக்கம் வச்சு, சும்மா தண்ணி ஊத்தி, ஓட்டி, ஆற விட்டு, வடிச்சு, தெளிவா வர்ற வரைக்கும் திருப்பி செய்ங்க. வடிச்ச கூலன்ட்ட திறந்து வைக்காதீங்க, இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா செத்துப்போகும்.

புதுசு ஊத்தும்போது காத்து மாட்டிக்கிட்டா அந்த எடம் மட்டும் கொதிக்கும். ஏர் ஸ்க்ரூ இருந்தா திறந்து, கூலன்ட் நூலா வர்ற வரைக்கும் விட்டு மூடுங்க. மூடிய திறந்து வச்சே எஞ்சின ஐடிலிங்ல விடுங்க, மேல் ஹோஸ அப்பப்ப அமுக்கி விட்டா குமிழி வெளிய வரும். கொஞ்ச நேரத்துல கீழ் ஹோஸும் சூடாகும், அப்ப தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடற வால்வு, திறந்துருச்சுன்னு அர்த்தம். மேல் ஹோஸ் கொதிக்குது, முள் ஏறிக்கிட்டே போகுது, கீழ் ஹோஸ் மட்டும் ஜில்லுன்னு இருக்குன்னா தெர்மோஸ்டாட் திறக்கல, உடனே ஆஃப் பண்ணுங்க. சந்தேகம்னா அத கழட்டி வேண்டாத ஒரு பாத்திரத்துல தண்ணில போட்டு சூடு பண்ணி பாக்கலாம், அதுமேல 82, 88 ன்னு டிகிரி அடிச்சிருக்கும், அந்த சூட்டுக்கிட்ட வாய் திறக்க ஆரம்பிக்கணும். தெர்மோஸ்டாட்டே இல்லாம ஓட்டலாம்னு சிலர் சொல்வாங்க, செய்யாதீங்க, எஞ்சின் சரியான சூட்டுக்கே வராம பெட்ரோல் அதிகமா குடிக்கும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டர் மூடியோட ரப்பரும் ஸ்பிரிங்கும் கூட வயசாகும், அதயும் கூடவே மாத்திருங்க, அதுல போட்டிருக்கற அழுத்த நம்பர் பழசோட ஒத்துப்போகணும். அடுத்த நாள் ஆறின எஞ்சின்ல லெவல் பாத்தா கொஞ்சம் எறங்கியிருக்கும், டாப் அப் பண்ணுங்க.

ஆனா மாத்தினதுக்கப்புறமும் குறைஞ்சுக்கிட்டே இருந்தா ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கட்ட யோசிக்கணும். ஆறின எஞ்சின ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துக்குள்ளயே மேல் ஹோஸ் கல்லா இறுகுதா, ரேடியேட்டர்ல விடாம குமிழி வருதா, சைலன்சர்ல இனிப்பு வாசனையோட வெள்ளப்புகை போய்க்கிட்டே இருக்கா, ஆயில் டிப்ஸ்டிக்ல பால் கலந்த மாதிரி தெரியுதா, இதுல ரெண்டு சேர்ந்து இருந்தா ஓட்டறத நிறுத்துங்க. ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தா பயப்பட வேண்டாம், கொஞ்ச கொஞ்ச தூரமே ஓடற காருல ஈரம் அங்க சேர்றது சகஜம்.

பிரேக் ஆயில்

இத யாரும் மாத்தறதே இல்ல, பெடல் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுடறாங்க. டாட் 3, டாட் 4ங்கற பிரேக் ஆயில் வகை ரெண்டுமே காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற சாமான். டாட் 4 புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அதுக்கான குறைஞ்சபட்ச அளவு 155 தான். நீளமான இறக்கத்துல பிரேக் சூடாகி உள்ள ஆவியாச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி தரைக்கு போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க. டாட் 5ங்கறது சிலிக்கான், அத இதோட கலக்கவே கூடாது.

சக்கரத்துக்கு உள்பக்கம் பிரேக்ல ஆயிலும் காத்தும் எடுக்கற நிப்பிள்ல ரிங் ஸ்பேனர் போட்டு, உள்ள இருக்கறது தெரியற ஒரு பிளாஸ்டிக் டியூப மாட்டி, இன்னொரு முனைய கொஞ்சம் பிரேக் ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கி வைங்க. உள்ள இருக்கறவர் பெடல அழுத்தி புடிக்கணும், நீங்க நிப்பிள திறக்கணும், மூடினதுக்கப்புறம்தான் அவர் கால எடுக்கணும். பழைய காருல பெடல ஒரேயடியா தரை வரைக்கும் மிதிக்க விடாதீங்க, அடியில ஒரு மரக்கட்டை வைங்க, மாஸ்டர் சிலிண்டர்ல வருஷக்கணக்கா பிஸ்டன் போகாத எடத்துல துருவும் அழுக்கும் இருக்கும், அதுமேல பிஸ்டனோட ரப்பர் வாஷர் ஏறினா கிழிஞ்சுரும். மேல இருக்கற பிரேக் ஆயில் டப்பா காலியாகாம ஊத்திக்கிட்டே இருங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, அரிச்சுரும். ஏபிஎஸ் இருக்கற சில காருக்கு ஸ்கேனர் இல்லாம முழுசா காத்து போகாது, மேனுவல பாத்துக்குங்க.

ஒரு சக்கரம் மட்டும் அதிகமா சூடாகுதுன்னா பிரேக் பேட அழுத்தற காலிப்பர மாத்தறதுக்கு முன்னாடி, சக்கரத்த தூக்கி, பெடல அழுத்தி விட்டு, சுத்தாம இறுகி இருக்கும்போது நிப்பிள லேசா திறங்க. உடனே ஃப்ரீ ஆச்சுன்னா காலிப்பர் நல்லாத்தான் இருக்கு, உள்பக்கம் வீங்கி அடைச்சுக்கிட்ட ரப்பர் ஹோஸ்தான் ஆயில திரும்ப விடாம புடிச்சு வச்சிருக்கு.

ஐடிலிங் ஏறி எறங்குதா, மிஸ்ஸிங் அடிக்குதா

இங்கயும் மொதல்ல ரப்பர். இன்டேக்ல போற சின்ன சின்ன வேக்கம் ஹோஸ், எஞ்சின் உள்புகைய இன்டேக்குக்கு திருப்பி விடற பிசிவி ஹோஸ் இதுங்க அடிப்பக்கம்தான் வெடிக்கும், மேலேர்ந்து பாத்தா தெரியாது, விரல விட்டு தடவணும். எஞ்சின் ஐடிலிங்ல இருக்கும்போது ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணிய பனி மாதிரி ஒவ்வொரு ஹோஸ் மேலயும் அடிங்க, இக்னிஷன் வயர் பக்கம் வேண்டாம், எங்க அடிக்கும்போது ஐடிலிங் மாறுதோ அங்க காத்து இழுக்குது. கார்ப் கிளீனர் அடிச்சும் பாப்பாங்க, சூடான எஞ்சின்ல அது தீப்பிடிக்கும், தண்ணியே போதும்.

காரோட கம்ப்யூட்டர்ல பதிவான பழுது கோட படிக்கற ஓபிடி ஸ்கேனர் மாட்டற வசதி இருந்தா நல்லது, அமெரிக்கால 1996 மாடல்லேர்ந்து, ஐரோப்பால பெட்ரோல் காருக்கு 2001லேர்ந்து அது கட்டாயம். ஆனா கோட் சொல்றது வியாதியோட அறிகுறிய, மாத்த வேண்டிய பார்ட்ட இல்ல. பி0171 வந்தா ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடாதீங்க, கலவைல காத்து அதிகம்னு மட்டும்தான் அது சொல்லுது, கிழிஞ்ச ஹோஸ், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார், நோஞ்சான் பெட்ரோல் பம்ப் எதுவா வேணா இருக்கலாம். பி0302 ன்னா ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். அந்த சிலிண்டரோட இக்னிஷன் காயில கழட்டி மூணாவதுக்கு மாத்துங்க, கோட அழிச்சுட்டு ஓட்டி பாருங்க, இப்ப பி0303 வந்தா காயில்தான் குத்தவாளி, பைசா செலவில்லாத சோதனை. கோட் நகராம அங்கயே நின்னா ஸ்பார்க் பிளக்க இதே மாதிரி மாத்தி பாருங்க. பிளக் நுனி இளம் பழுப்பா இருந்தா நல்லது, கரி மாதிரி காஞ்ச கருப்புன்னா பெட்ரோல் அதிகம், ஆயில் பிசுபிசுப்புன்னா உள்ள ஆயில் ஏறுது, வெள்ளையா கொப்பளிச்சிருந்தா ஓவர் சூடு. அலுமினிய ஹெட்ல பிளக்க எஞ்சின் ஆறினதுக்கப்புறம் மட்டும் கழட்டுங்க, மாட்டும்போது மொதல்ல வெறும் விரலால சுத்துங்க, மரை சரியா உக்காரலன்னா விரல்லயே தெரிஞ்சுரும்.

தேதி பாத்து மாத்த வேண்டியது

டைமிங் பெல்ட்டு உங்க காருல இருந்தா, எப்ப மாத்தினாங்கன்னு ஆதாரம் இல்லன்னா, மாத்தலன்னே வச்சுக்குங்க. மேனுவல்ல கிலோமீட்டரும் வருஷமும் ரெண்டுமே போட்டிருக்கும், எது மொதல்ல வருதோ அதுதான். நிறைய எஞ்சின்ல பெல்ட்டு அறுந்தா பிஸ்டன் வால்வ அடிச்சு வளைச்சுரும், முன்கூட்டி சத்தம் எதுவும் குடுக்காமயே அறுந்துரும். டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பர பாருங்க, 2319 ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் பத்து வருஷத்த தாண்டின டயர ஓட்டாதீங்க, ஸ்டெப்னியும் இதுல சேர்த்தி. பெட்ரோல் ஹோஸ்ல வெடிப்போ வாசனையோ இருந்தா அன்னிக்கே மாத்தணும், நாளைக்குன்னு சொல்ற வேலை இல்ல அது. ஆக்சில் ஜாயின்ட்ட மூடியிருக்கற ரப்பர் உறையான பூட் கிழிஞ்சு சக்கரத்துக்கு உள்பக்கம் கிரீஸ் தெறிச்சிருந்தா உடனே மாத்தினா பூட்டோட போகும், விட்டா வளைக்கும்போது டக்டக்னு சத்தம் வந்து மொத்த ஜாயின்ட்டும் போகும்.

துருப்பிடிச்ச போல்ட்டு

இதுல பொறுமைதான் வேலை செய்யும். மொத நாள் சாயங்காலமே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க, அடுத்த நாள் வயர் பிரஷ் போட்டு திரும்ப அடிங்க. ஆறு முனை சாக்கெட் போடுங்க, பன்னிரண்டு முனை போட்டா மூலை மழுங்கும். கழட்ட ஆரம்பிக்கும்போது மொதல்ல ஒரு நூலளவு இறுக்கற பக்கம் தள்ளி, துரு விட்டதும் தளர்த்துங்க, அர சுத்து வந்தா கால் சுத்து திரும்ப உள்ள விட்டு, ஆயில் போட்டு, மறுபடி வெளிய, இப்படியே கொண்டாங்க. ஒரே இழுவையா இழுத்தா தலை கையோட வந்துரும், அப்புறம் ட்ரில்லிங்தான். திருப்பி மாட்டும்போது சூடாகற எடத்து போல்ட்டுக்கு காப்பர் கிரீஸ் தடவுங்க.

கை வைக்கக்கூடாத எடம்

ஏர்பேக், அதோட மஞ்சள் வயர், சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங், ஏசி கேஸ், டீசல் காமன் ரெயில் பைப், ஹைபிரிட் காரோட ஆரஞ்சு கேபிள், இந்த ஆறையும் ஒர்க் ஷாப்புக்கு விட்டுருங்க, தப்பு நடந்தா ஆளே போற வேலை. அங்க கொண்டுபோகும்போதும் சரி, வேற எந்த வேலைக்கு கொண்டுபோனாலும் சரி, "சரியா ஸ்டார்ட் ஆகல"ன்னு மட்டும் சொல்லாம, "பேட்டரி 12.6, எர்த் பக்கம் 0.1, பாசிட்டிவ் பக்கம் 0.9 விழுது"ன்னு அளந்தத எழுதி குடுங்க, மெக்கானிக் நேரா அந்த கேபிள்ல போய் கைய வைப்பார்.